மூன்று நாய்க்கும் ஒரே தாம்பாளம்

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு ஒரு குரல் மட்டும் தனியாகப் பின்னால் வருகிறதே, அது என்னுடையதுதான். நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். பெண்கள் ஐக்கியத்தில் எனக்கு ‘லேட் பஸ்’ என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். காது மந்தமாகிவிட்டது என்கிறாள் ஒருத்தி. பல்செட் தகராறு என்கிறாள் இன்னொருத்தி. இரண்டும் இல்லை. பத்து வயதில் ஒருமுறை ஆமென்னை முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். நாம் எல்லோரும் மாத்திரை டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறவர்கள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்.

அப்போது நாங்கள் லோத்குண்டாவில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ராணுவ நிலத்தின் மதில். அதற்கு அந்தப் பக்கம் சீத்தாப்பழப் புதர்கள், காலையில் பிகில் சத்தம். அப்பா ராணுவக் கிடங்கு ஆபீஸில் கிளார்க். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். நான் ஒரே பிள்ளை. அவர்கள் வீட்டுக்குள் திருநெல்வேலியை அப்படியே வைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். நான் தெருவில் பொறுக்கிய உருதுச் சொல்லை எல்லாம் உள்ளே கொண்டுவந்து போடுவேன். “நக்கோவாம் நக்கோ. வேண்டாம்னு வாயில வராதாளா?” என்று அம்மா தலையில் குட்டுவாள்.

எங்களிடம் முதலில் இரண்டு நாய்கள். பட்டு என் நாய். வெள்ளை பொமரேனியன். குளித்தால் எலி, காய்ந்தால் பஞ்சு மூட்டை. மிட்டாய் டப்பாவுக்குள் உட்கார வைக்கலாம், ஆனால் கர்வம் இந்த ஊர் கோட்டை அளவுக்கு. செம்பி தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்தவள். நடுத்தர உடம்பு, கிழிந்த காது, யாரிடமும் எதையும் எதிர்பார்க்காத முகம். பட்டு குலைப்பான், செம்பி கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை. ஏனென்றால் செம்பி எதற்கும் போட்டிக்கு வரமாட்டாள்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் சுல்தான் வந்தான். அப்பாவின் ஆபீஸ் அதிகாரிக்கு எல்லைப் பக்கம் மாற்றல். குடும்பத்தைக்கூட அழைத்துப்போக முடியாத இடம். மழைக்காலம் முடியும்வரை தன் அல்சேஷனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார். அதிகாரி கேட்டால் கிளார்க் என்ன சொல்வார்? ஒரு சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கினான் சுல்தான். தலையைத் தூக்கினால் என் மார்பு வரை வந்தான். அதிகாரி போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார். சோற்றை முன்னால் வைத்தாலும், வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் இவன் தொடமாட்டான், அப்படிப் பழக்கியிருக்கிறேன் என்றார். எந்த வார்த்தையானாலும் சரி, ஒரே வார்த்தையாக இருந்தால் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான் என்றார்.

அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எந்த வார்த்தை என்று அவர் யோசிக்கவே இல்லை.

அசனம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்டாவில் சோறும் கறிக்குழம்பும் பொங்கி, சபையில் வசதியானவரும் இல்லாதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அப்பாவுக்கு வேதத்துக்கு அடுத்தபடி அசனம்தான். நம் சபையில் அசனத்துக்குப் புதுப் பாத்திரம் வாங்கியபோது, விளிம்பு நசுங்கிய ஒரு பழைய அலுமினியத் தாம்பாளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மாட்டு வண்டிச் சக்கரத்தில் பாதி அகலம் இருக்கும். சுல்தான் வந்த மறுநாள் அதைக் கழுவிப் பின்வாசலில் வைத்தார்.

அம்மா, “ஏங்க, ஆளுக்கொரு தட்டு வெச்சா என்ன? இது மூணும் ஒண்ணுக்கொண்ணு எம்புட்டு வித்தியாசம்” என்றாள்.

“ஒரே பந்தியில உக்காந்தாத்தான் பெரியவன் சின்னவன்னு எண்ணம் போவும். மனுசனுக்கே அப்படின்னா நாய்க்கு என்ன?” என்றார் அப்பா.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தாம்பாளத்தின் நடுவில் எலும்புக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு குவிக்கப்படும். மூன்று பக்கமும் மூன்று நாய்கள். அப்பா கண்ணை மூடி, தலை குனிந்து ஜெபிப்பார். ஆகாரத்துக்கு ஸ்தோத்திரம், வாயில்லாத ஜீவன்களுக்கு ஸ்தோத்திரம் என்று போகும். ஆமென் என்றதும் மூன்றும் வாயை வைக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மதிலில் ஏறி வேடிக்கை பார்ப்பார்கள். சுல்தான் மூன்றே நாளில் கற்றுக்கொண்டான். அவன் அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வாயிலிருந்து எச்சில் கயிறாக இறங்கும், உடம்பு அசையாது. அப்பாவுக்குப் பெருமை தாங்காது.

இப்போது நினைத்துப் பாருங்கள். பசித்த மூன்று வாய்களை ஒரு குவியல் சோற்றைச் சுற்றி நிறுத்தி, கறி வாசனையில் காக்க வைத்து, பிறகு ஒரே சமயத்தில் அவிழ்த்துவிட்டிருக்கிறோம். அன்றைக்கு அது எங்களுக்கு பக்தியாகத் தெரிந்தது.

அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னதாக ஏதாவது நடந்துகொண்டே இருந்தது. சுல்தான் தண்ணீர் குடிக்கப் போனால் பட்டு ஓடிப்போய் தொட்டிக்கு முன்னால் நிற்பான். சுல்தான் சாக்கில் படுத்தால் பட்டு அதன் நடுவில் போய்ப் படுப்பான். அவ்வளவு பெரிய உடம்பு எழுந்து வெறுந்தரைக்குப் போகும். சுல்தான் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய, உதட்டை நக்குவான். “பாருங்க, எலிக்கு யானை பயப்படுது” என்று நாங்கள் கைதட்டிச் சிரிப்போம். அது பயமில்லை. கிட்டே வராதே என்று ஒரு நாய் எவ்வளவு மரியாதையாகச் சொல்லலாமோ அவ்வளவு மரியாதையாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான். எங்களில் ஒருவருக்கும் அது படிக்கத் தெரியவில்லை.

செம்பிக்குத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் காற்று இறுகினால் எங்கிருந்தாவது எழுந்து வந்து, சோம்பல் முறிப்பவள்போல நடுவே தோளை நுழைத்து நிற்பாள். ஒன்று இந்தப் பக்கம் போகும், மற்றது அந்தப் பக்கம் போகும். அவளும் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள். அவளை யாரும் தட்டிக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தாம்பாளத்தில் மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுல்தான் நாலே வாயில் குவியலை முடித்துவிடுவான். செம்பி ஓர் எலும்பைக் கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவாள். பட்டு சோற்றைப் பருக்கை பருக்கையாகத் தேர்ந்தெடுத்துத் தின்பவன். அவன் இரண்டாவது வாய்க்குக் குனியும்போது தாம்பாளம் பளபளவென்று இருக்கும். அப்புறம் என்னைப் பார்ப்பான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவிடம் சொன்னேன். “பழகிக்கிடுவான்” என்றார். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜெபம் நடக்கும்போது பட்டுவின் பின்னால் குந்தி உட்கார்ந்துகொள்வேன். அப்பா ஜெபத்தை முடிக்கும் இடம் எனக்கு மனப்பாடம். அதற்கு நாலு வார்த்தை முன்னால், பட்டுவின் காதுக்குள் மூச்சாக மட்டும் சொல்வேன்: “ஆமென்.” அவன் குனிந்து ஒரு கறித்துண்டை எடுத்துவிடுவான். அப்பா கண் திறக்கும்போது எல்லோரும் தின்றுகொண்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து நாள் இது நடந்தது. திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை, நியாயம் என்றுதான் தோன்றியது.

ஒரு ஞாயிறு. அன்று மாட்டுக்கறி மிச்சம் நிறைய, குவியலின் மேல் கொழுப்போடு துண்டுகள் மின்னின. காலையில் கோயிலில் பாதிரி ஐயர் கொடுத்த பிரசங்கத்தில் அப்பா உருகிப்போய் வந்திருந்தார். ஜெபம் வழக்கமான இடத்தைத் தாண்டிப் போயிற்று. மழைக்காக, எல்லையிலிருக்கும் அதிகாரிக்காக, ஊரில் கல்யாணமாகாத அத்தைக்காக என்று நீண்டது. பட்டு உறும ஆரம்பித்துவிட்டான். தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுல்தானின் முன்கால்களுக்கு நடுவிலேயே போய் நின்றுகொண்டான். சுல்தான் முகத்தைத் திருப்பினான். உதட்டை நக்கினான். மறுபடி அப்பாவின் வாயைப் பார்த்தான். செம்பி எழுந்து நின்றாள்.

சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எனக்கு இருந்தது. பட்டுவுக்கு அந்தப் பெரிய துண்டு கிடைத்தால் போதும் என்றும் இருந்தது. அவன் தூரமாக நகர்ந்துவிட்டதால் கொஞ்சம் எட்டிக் குனிந்து, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

“ஆமென்.”

சுல்தானின் காது திரும்பியது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவன் குனிந்து வாயை வைத்தான். பட்டு எகிறி அவன் உதட்டைக் கவ்வித் தொங்கினான். சுல்தான் ஒரே உதறு. பட்டு தாம்பாளத்தின் மேல் விழுந்தான். அந்த அலுமினியச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அடுத்த நொடி பட்டுவின் கழுத்து முழுவதும் சுல்தானின் வாய்க்குள் இருந்தது. அப்பா “கர்த்தாவே” என்று பாதியில் கண் திறந்தார். அவர் கண்ணில் பட்டது அது மட்டும்தான். கையை நடுவில் விட்டார். செம்பி கத்தினாள், நானும் கத்தினேன். அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மூன்று நாய்கள்மீதும் அப்பாமீதும் சேர்த்து ஊற்றினாள். அங்கே புத்தியோடு நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

பட்டுவின் ஒரு காது கிழிந்திருந்தது. கழுத்தில் ஒரு பல்கூட இறங்கவில்லை. அப்பாவின் கட்டைவிரல் பக்கம் ரத்தம் வழிந்தது. சுல்தான் சுவரோரம் போய், நனைந்து, உதட்டிலிருந்து ரத்தம் சொட்ட உட்கார்ந்திருந்தான்.

“ஜெபம் முடியுமுன்ன பாஞ்சிட்டான்” என்றார் அப்பா. என் பக்கம் திரும்பினார். “நீ பக்கத்துலதான இருந்த? நீ பாத்தியாளா?”

“பாத்தேன்பா” என்றேன். “பெருசுதான் முதல்ல வாயை வெச்சுது.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் ஆயுசில் சொன்னதில்லை.

அம்மா அப்பாவின் கையைக் கழுவிக் கட்டும்போது காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது சின்னப் பல்லுங்க. பெருசு கடிச்சிருந்தா விரலே இருக்காது” என்றாள். “கடிச்சது யாருன்னு நான் கேக்கலை. முந்துனது யாரு? ஜெபத்தை மிதிச்ச நாய் இந்த வீட்டுல வேண்டாம்” என்றார் அப்பா. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பட்டுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்தால் பட்டுவை அனுப்பிவிடுவார்கள் என்று பயம். என்னை அடிப்பார்கள் என்ற பயம் அதற்கும் மேல்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா பக்கத்து வாசலிலிருந்து வந்துவிட்டாள். “ஆ பெத்த குக்கனி பம்பிச்செய்யண்டி” என்று கையை ஆட்டினாள். பெரிய நாயை அனுப்பிவிடுங்கள் என்று அவளும் சொன்னபின் அப்பாவுக்கு யோசிக்க எதுவும் இல்லாமல் போயிற்று. சபைக்காரர் ஒருவர் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து பேக்டரியில் சூப்பர்வைசர். காவலுக்கு நாய் வேண்டுமென்று முன்பே கேட்டிருந்தார். மறுநாள் காலையிலேயே பேக்டரி வேன் வந்தது. சுல்தான் தானாக ஏறி உட்கார்ந்தான். எங்கே போகிறோம் என்று அப்பாவின் வாயைப் பார்த்தான். அப்பா வேறு பக்கம் பார்த்தார். அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

அப்புறம் வந்த நாட்களைச் சொல்லவே பிடிக்கவில்லை. நாய்க்கடிக்கு அப்போது வயிற்றைச் சுற்றி ஊசி போடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டு வந்து, ஒருக்களித்துக்கூடப் படுக்க முடியாமல் கிடப்பார். பட்டுவுக்கு இப்போது தாம்பாளத்தில் வேண்டிய அளவு சோறு. அவன் தின்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போயிற்று. செம்பி வெளிக் கதவருகில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்த சூப்பர்வைசர் அப்பாவைப் பிடித்தார். “அண்ணாச்சி, உங்க நாய் எலும்பும் தோலுமா ஆயிட்டு. சோறு வெச்சா ஆள் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கு. பொழுதெல்லாம் பாத்துட்டு, ஒருத்தரும் இல்லாதப்ப ரெண்டு வாய் திங்குது. என்ன சீக்கோ தெரியல” என்றார்.

நான் அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பா வேதப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். “அடுத்த பஸ்ஸுக்கே போவோம். நீயும் வா” என்றார்.

ஜீடிமெட்லாவில் இறங்கியதும், அந்த மருந்துக் காற்றில் நாக்கில் மாத்திரை கரைந்த கசப்பு. பேக்டரி வாசலில் குட்டைச் சங்கிலியில் சுல்தான். எங்களைப் பார்த்து எழுந்தான். வாலை ஆட்டினான், ஆனால் மெதுவாக, அனுமதி கேட்பதுபோல. வாட்ச்மேன் பாய் ஒரு வட்டையில் ரொட்டியும் குழம்பும் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். “தேக்கோ சாப், பஸ் தேக்தாச் ரஹதா. காதா நை. கைக்கு கி மாலூம் நை” என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறான், தின்பதில்லை, ஏனென்று தெரியவில்லை என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

சுல்தான் வட்டைக்கு முன்னால் உட்கார்ந்தான். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். எச்சில் கயிறாக இறங்கியது. அவன் குழம்பைப் பார்க்கவில்லை. அப்பாவின் வாயைப் பார்த்தான்.

அப்பாவுக்கு அப்போது விளங்கிவிட்டது. அந்த வார்த்தையை அவர் இங்கே யாருக்கும் சொல்லி அனுப்பியிருக்கவே இல்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன். கட்டுப்போட்ட கையையும் மற்றக் கையையும் சேர்த்து, கண்ணைத் திறந்து வைத்தபடியே, “ஆமென்” என்றார். ஜெபம் இல்லை, அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். சுல்தான் குனிந்தான். வட்டை நகர நகரத் துரத்திக்கொண்டே போய்த் தின்றான். வாட்ச்மேன் பாய் வாயில் கை வைத்துக்கொண்டார்.

இவ்வளவு நாள் பட்டினி கிடந்தும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிற நாய், அன்றைக்குச் சொல் வராமலா பாய்ந்திருக்கும்? அப்பா என் பக்கம் திரும்பவில்லை. வட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அன்னைக்கு யாருளா சொன்னது?”

“நாந்தான்பா.”

“என்னத்துக்கு?”

“பட்டுவுக்குக் கிடைக்கவே மாட்டேங்குப்பா. பெருசே எல்லாத்தையும் தின்னுடுது.”

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அவர் சூப்பர்வைசரைத் தேடிப் போய்ப் பேசினார். சாப்பிடாத நாய் தங்களுக்கு எதற்கு, கூட்டிக்கொண்டு போங்கள் என்றுவிட்டார் அவர். வேன் இல்லை. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஜீடிமெட்லாவிலிருந்து லோத்குண்டாவுக்கு நாங்கள் மூன்று பேரும் நடந்தே வந்தோம்.

அந்த வெயிலில் அப்பா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் ஒரு குழாயடியில் நிறுத்தி, தன் உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து சுல்தானுக்குக் கொடுத்தார். என்னையும் குடிக்கச் சொன்னார். வீட்டில் எல்லோர் முன்னாலும் என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் எனக்கு வழி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முன்னால், தெரு முன்னால், மதிலில் ஏறும் பிள்ளைகள் முன்னால். செருப்பு வார் அறுந்தும் நான் சொல்லவில்லை, வெறுங்காலோடு நடந்தேன்.

வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மறுபடி கொண்டுவந்துவிட்டீர்களா என்று தெலுங்கில் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் வந்து நின்றாள். நான் ஒளிய இடமில்லாமல் சுல்தானின் பக்கத்தில் நின்றேன்.

“தப்பு நாதேனண்டி. குக்கதி காது” என்றார் அப்பா. தப்பு என்னுடையதுதான், நாயினுடையது அல்ல. “ஆமென்னை நான்தான் முந்திச் சொல்லிட்டேன்” என்று அம்மாவிடமும் தமிழில் சொன்னார்.

சபையில் மூப்பர் அவர். சீட்டுக் கம்பெனிப் படிவத்தில்கூடப் பொய் எழுதாதவர். அம்மா அவரைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள், கால் கழுவத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் தாம்பாளம் வெளியே வரவில்லை. அம்மா மூன்று தட்டு எடுத்து வைத்தாள். பட்டுவுக்கு என் அறையில், கதவைச் சாத்தி. செம்பிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அவள் இடத்தில். சுல்தானுக்குப் பின்வாசலில். அப்பா அவன் தட்டை என் கையில் கொடுத்தார். “நீ வெச்சு, நீயே சொல்லு” என்றார். அவர் உள்ளே போய்விட்டார்.

நான் தட்டை வைத்தேன். சுல்தான் உட்கார்ந்தான். அவன் உதட்டில் பட்டு கடித்த வடு காய்ந்து கறுத்திருந்தது. தலையைத் தூக்கி என் வாயைப் பார்த்தான். அன்றைக்கு அவனைக் காட்டிக்கொடுத்த அதே வாயை, கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வார்த்தை வரவில்லை. சோறு ஆறியது. அவன் அசையவில்லை. நான் அழுது முடிக்கும்வரை, அந்தப் பசியோடு, அவன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் முடிந்து அதிகாரி வந்து அவனைக் கூட்டிப்போனார். தாம்பாளத்தில் அம்மா கொஞ்ச காலம் வடகம் காயவைத்தாள். வீடு மாறியபோது அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. இப்போது குகட்பள்ளியில் என் மகள் வீட்டிலும் மூன்று நாய்கள். ஆட்டுக்குட்டி அளவில் ஒன்று, பூனை அளவில் ஒன்று, தெருவிலிருந்து வந்தது ஒன்று. மூன்று தட்டு, மூன்று கதவு. எதற்கம்மா இவ்வளவு கெடுபிடி என்று மகள் இங்கிலீஷில் கேட்கிறாள். நான் மூன்றாவது கதவையும் சாத்திவிட்டு வருகிறேன்.

கோயிலில் நீங்கள் எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. எல்லோரும் சொல்லிவிட்டார்களா என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம்தான் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.